டவுன்லோட் 95, அப்லோட் 6: மீட்டிங்கில் குரல் ஏன் உடைகிறது, எந்தப் பிளான் எடுப்பது?

300/30 பிளான் (டவுன்லோட் 300, அப்லோட் 30 எம்பிபிஎஸ்) எடுப்பதா, 100/100 எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் உண்மையான கேள்வி: "ஸ்பீடு டெஸ்ட்ல 95 வருது, அப்புறம் ஏன் என் குரல் மட்டும் கட் ஆகுது?" அதே டெஸ்டில் அப்லோட், அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம், 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்) என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டில் இருவர் வீட்டிலிருந்து வேலை, மகளுக்கு ஆன்லைன் வயலின் வகுப்பு, வாசலிலும் மாடியிலுமாக நான்கு கேமரா, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அவ்வப்போது அதைத் திறந்து பார்ப்பார். இவ்வளவு பேரும் அந்த 6-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். மாத வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் ஃபைபர் (கண்ணாடி இழை) என்றால் உங்கள் வீட்டுக்கு 100/100. ஆனால் பிளான் மாற்றினாலும் தீராத கோளாறாக இது இருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

குரல் உடைவதன் காரணம் வேகக் குறைவு மட்டுமல்ல, வரிசை. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு வேண்டிய அப்லோட் சிறியதுதான். ஜூம் சொல்லும் கணக்கில் குழு அழைப்புக்கு 720பி என்றால் 2.6 எம்பிபிஎஸ், 1080பி என்றால் 3.8. வெறும் குரலுக்கு 0.1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். அப்படியானால் 6 போதுமே என்று தோன்றும். யாரும் வேறெதுவும் அனுப்பாத வரை போதும். மகளின் போன் வைஃபையில் சேர்ந்ததும் நேற்று எடுத்த வீடியோவை கூகுள் போட்டோஸ் ஏற்ற ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். 4கே, 60 பிரேமில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. பத்து நிமிட வீடியோ 4 ஜிபி. லைன் வேகம் பிட்டில், பைல் அளவு பைட்டில்; ஒரு பைட் எட்டு பிட் என்பதால் 6 எம்பிபிஎஸ் லைனில் அது போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் லைன் நிரம்பியே இருக்கும். பேக்கப் மென்பொருள் கிடைத்த வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இன்னொருவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

லைன் நிரம்பியதும் மோடம் மிச்சப் பாக்கெட்டுகளை, அதாவது அனுப்ப வேண்டிய தகவல் துண்டுகளை, தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. அந்த அடுக்கு 1 எம்பி இருந்தால்கூட, 6 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 1.3 விநாடி ஆகும். உங்கள் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ரேஷன் கடையில் ஊருக்கே மூட்டை எடுக்க வந்தவர் பின்னால் ஒரு பாக்கெட் உப்புக்கு நிற்கிற கதை. பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது தொலைபேசித் துறையின் பழைய அளவுகோல். 1.3 விநாடி தாமதமாக வந்த பாக்கெட்டை எதிர்முனை காத்திருந்து சேர்க்காது, தூக்கி எறிந்துவிடும். அதுதான் ரோபோ குரல். மற்றவர்கள் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். அது டவுன்லோட் பாதையில் வருகிறது, அங்கே நெரிசல் இல்லை. இந்த வரிசைக் கோளாறுக்கு 2010 வாக்கில் கணினி நிபுணர் ஜிம் கெட்டிஸ் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். தேடிப் படிக்க வேண்டுமானால் அந்தச் சொல்லையே போடுங்கள்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் தள்ளாடும். நீங்கள் ஒரு பைலை இறக்கும்போது, வந்த ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் ஏறக்குறைய ஒரு 'கிடைத்தது' ரசீது உங்கள் பக்கமிருந்து திரும்பிப் போக வேண்டும். அந்த ரசீது வரிசையில் சிக்கினால் எதிர்முனை சர்வர் அடுத்ததை அனுப்பத் தயங்கும். வெப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், டிவியில் படம் நிற்கும். பார்ப்பவருக்கு 'நெட் ஸ்லோ' என்றுதான் தெரியும். உடனே 100-லிருந்து 300-க்கு மாறுவார், அப்லோட் எவ்வளவு என்று கேட்க மாட்டார், ஒரு மாதத்தில் அதே புகார். ரசீதுகள் மட்டுமே டவுன்லோட் வேகத்தில் சுமார் 2 சதவீதம் அப்லோடைத் தின்னும். 300 எம்பிபிஎஸ் முழுதாக இறங்க 6 எம்பிபிஎஸ் அப்லோட் ரசீதுக்கே போய்விடும் என்றால் உங்கள் இப்போதைய லைனின் நிலை புரியும்.

பிளான் விளம்பரங்களில் ஒரே ஒரு எண் போடும் வழக்கத்துக்கு வரலாறு உண்டு. 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது அது செம்புக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல். அந்தத் தொழில்நுட்பமே 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய அலைவரிசைத் துண்டை அப்லோடுக்கும், அதற்கு மேலுள்ள பெரிய பகுதியை டவுன்லோடுக்கும் ஒதுக்கியது. பின்னால் வந்த ஏடிஎஸ்எல்2+ டவுன்லோடில் 24 எம்பிபிஎஸ் வரை எட்டியது. அப்லோட் 1-ஐச் சுற்றியே நின்றது. கேபிள் டிவி கம்பியில் வரும் இணைப்பிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஃபைபரில் இந்தக் கட்டாயம் பெரிதாக இல்லை. வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் முறையில் ஒரு இழைக்கு டவுன்லோட் 2.488 ஜிபிபிஎஸ், அப்லோட் 1.244 ஜிபிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். 32 வீடும் ஒரே நொடியில் முழுமூச்சாக அப்லோட் செய்தால்கூட வீட்டுக்குச் சுமார் 38 எம்பிபிஎஸ் வரும்; நிஜத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. ஆக, ஃபைபர் பிளானில் அப்லோட் 10 என்று இருந்தால் அது பெரும்பாலும் கம்பி வைத்த வரம்பு அல்ல, வியாபாரம் வைத்த வரம்பு. நிறுவனங்கள் மேலிடத்திலிருந்து வாங்கும் இணையத் திறன் இரு திசையிலும் சமமாகத்தான் வரும். வீட்டு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இறக்குவதால் ஏற்றும் பக்கம் காலியாகவே கிடக்கிறது. இதனால் உள்ளூர் கேபிள்காரரிடம் "அப்லோடைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சில இடங்களில் கூடுதல் காசில்லாமலே செய்து தருவார்கள். 2020 செப்டம்பரில் ஜியோஃபைபர் அப்லோடும் டவுன்லோடும் சமமாக உள்ள பிளான்களைக் கொண்டுவந்த பிறகு இப்படிக் கேட்பது எளிதாகிவிட்டது.

அரசின் வரையறை உங்களுக்கு உதவாது. 2023-இல் இந்தியா பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-இலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. அது டவுன்லோடுக்கு மட்டும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் டவுன்லோட் 100, அப்லோட் 20 என்று இரண்டையும் சேர்த்தே வரையறுத்தார்கள். அந்த 20-ஐ ஒரு நடுத்தர வீட்டுக்கான கீழ்வரம்பாக நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. இரண்டு மீட்டிங்குக்கு 4 வீதம் 8. வயலின் வகுப்புக்கு 3. வீடியோவை விட ஒலி முக்கியம் என்றாலும் ஆசிரியர் விரல்களைப் பார்க்க வேண்டும். கேமராக்கள் வீட்டு என்விஆர் (கேமரா பதிவுப்) பெட்டியில் மட்டும் பதிவாகின்றன என்றால், யாரும் வெளியிலிருந்து பார்க்காத வரை அவை அப்லோடைத் தொடாது. தம்பி நான்கையும் ஒன்றாகத் திறந்தால் மெயின் ஸ்ட்ரீமில் (முழுத் தெளிவில்) ஒன்றுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் வீதம் 8 முதல் 16 வரை போகும். சப் ஸ்ட்ரீமில் (குறைந்த தெளிவில்) பார்க்கச் சொன்னால் நான்கும் சேர்ந்து 2-க்குள் அடங்கும். போன் ஆப்பில் தெளிவை மாற்றும் பட்டனில் இது இருக்கும். கேமராக்கள் கிளவுடில் 24 மணி நேரமும் பதிவு செய்பவையா என்பதை நீங்கள் எழுதவில்லை. அது கணக்கையே மாற்றிவிடும். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வீதம் நாள் முழுக்க அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. நான்குக்கு 2,600 ஜிபி. அன்லிமிடெட் என்று சொல்லப்படும் பிளான்களில் 3,300 ஜிபி எஃப்யூபி (மாதப் பயன்பாட்டு வரம்பு; தாண்டினால் வேகம் குறையும்) இருப்பது சகஜம். பெரும்பாலும் ஏற்றியதையும் இறக்கியதையும் கூட்டித்தான் கணக்கு வைப்பார்கள் என்பதால் கேமராக்களே முக்கால்வாசியைத் தின்றுவிடும். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் திடீரென்று நெட் படுத்துவிடும் வீடுகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கேமராக்களைச் சப் ஸ்ட்ரீமில் வைத்துக் கூட்டினால் ஒரே நேரத்தில் 12 முதல் 14 வரை நிலையான தேவை. அதன் மேல் போன் பேக்கப், ஒன்டிரைவ், வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் திடீர் திடீரென்று வரும். இரட்டிப்பு இடம் விட்டால் 25 முதல் 30. அதாவது 300/30 பிளானும் தாளில் உங்களுக்குப் போதும். பிறகு ஏன் 100/100 என்கிறேன்? முன்னே சொன்ன அதே 1 எம்பி வரிசை 30 எம்பிபிஎஸ் லைனில் காலியாகக் கால் விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும், 100-இல் 0.08 விநாடி. அதே 4 ஜிபி வீடியோ 30-இல் பதினெட்டு நிமிடம் லைனை அடைத்துக்கொள்ளும், 100-இல் ஐந்தரை நிமிடத்தில் ஒழியும். எதிர்ப்பக்கம் பார்த்தால், 300 டவுன்லோடில் உங்களுக்குக் கிடைப்பது அபூர்வமாக இறக்கும் பெரிய பைல் சீக்கிரம் முடிவது ஒன்றுதான். 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். இரண்டு டிவி ஓடினாலும் 100-இல் பாதிகூட நிரம்பாது. இதையே டிவியும் போனும் மட்டும் உள்ள வீட்டுக்காரர் கேட்டிருந்தால் 300/30 எடுங்கள் என்றிருப்பேன். ஆன்லைன் கேமுக்கும் அப்லோட் எண் பெரிதல்ல, 1 எம்பிபிஎஸ் போதும்; அங்கே தாமதம்தான் எல்லாம்.

சரி, பணம் கட்டும் முன் சோதிக்க வேண்டியது. லேப்டாப்பை ஓஎன்டி பெட்டியின் (ஃபைபர் வந்து சேரும் மோடம்) லான் போர்ட்டில் கம்பியால் இணைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து விலக்கி, காலை ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை டெஸ்ட் போடுங்கள். கம்பியில் அப்லோட் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் 6 என்றால் குற்றம் பிளானில் இல்லை. போனின் அலைபரப்பி ரவுட்டருடையதைவிட பலவீனமானது. தூரமோ சுவரோ கூடினால் முதலில் அடிபடுவது அப்லோட்தான். அப்போது மீட்டிங் நடக்கும் அறைக்கு ஒரு லான் கம்பி இழுத்தாலே விஷயம் முடிந்தது. கம்பியிலும் 6 என்றால் அடுத்த சோதனை: விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பாக்கெட் போய்வரும் நேரத்தை மில்லி விநாடியில் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, கூகுள் டிரைவில் 2 ஜிபி பைல் ஒன்றை ஏற்ற ஆரம்பியுங்கள். 15, 16, 15 என்று ஓடிக்கொண்டிருந்த எண் 400, 900, 1200 என்று ஏறி, பைலை நிறுத்தியதும் மறுபடி 15-க்கு இறங்கினால், வரிசைதான் குற்றவாளி என்பது உறுதி. பைல் ஏற்றாத நேரத்திலும் பிங் தாறுமாறாக ஆடினால் அல்லது இடையிடையே 'டைம்ட் அவுட்' வந்தால் அது லைன் கோளாறு. எந்தப் பிளானுக்கு மாறினாலும் அதே இழையில் அதே கோளாறு வரும்.

லைன் கோளாறா என்று பார்க்க பிரவுசரில் திறக்கும் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்றொரு இடம் இருக்கும். வரும் ஒளி, அதாவது ஆர்எக்ஸ், மைனஸ் 15-க்கும் மைனஸ் 25 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். ஆனால் அப்லோட் தனியாகக் கெடும்போது இந்த எண் நன்றாகவே தெரியக்கூடும். ஏற்றும் ஒளி 1310 நானோமீட்டரிலும் இறக்கும் ஒளி 1490-லும் போகின்றன. உங்கள் பெட்டியின் லேசர் பலவீனமானால் ஏற்றுவது மட்டும் கெடும். உங்கள் ஒளி அவர்கள் பக்கம் எவ்வளவாக வந்து சேர்கிறது என்பதை நிறுவனத்தின் ஓஎல்டி இயந்திரத்தில்தான் பார்க்க முடியும், கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் போகும் கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை என்றால் முனை சாய்வாகச் சீவியது, நீலம் என்றால் நேராக. பச்சைக் கம்பியை நீலச் சாக்கெட்டில் திணித்து இணைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அது வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் முனைகள் ஒட்டாமல் ஒளி வீணாகும், எதிரொளிக்கும். ஐந்து நிமிட வேலை, மாற்றச் சொல்லுங்கள்.

வரிசைதான் என்று உறுதியானால், பிளான் மாற்றும் வரை தாக்குப்பிடிக்க வழி உண்டு. கணினியில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டின் அமைப்புகளிலும் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். போன் பேக்கப்பைப் பகலில் நிறுத்தி வையுங்கள். சொந்த ரவுட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை முறை உள்ளதாக, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறக்கூடியதாகப் பாருங்கள். கம்பியில் அளந்த அப்லோடில் 85 முதல் 90 சதவீதத்தை அதில் வரம்பாகக் கொடுக்க வேண்டும். அப்போது வரிசை மோடத்துக்குள் சேராமல் ரவுட்டரிடமே நிற்கும். அது ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டுக் குரலை முதலில் விட்டுவிடும். 20 எம்பிபிஎஸ்-க்குக் கீழே உள்ள லைனில் இது செய்யும் வித்தியாசம் பிளான் மாற்றுவதற்குச் சமம். நிறுவனம் தந்த பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக) போட்டுத்தரச் சில நிறுவனங்கள் மறுப்பார்கள். அப்போது உங்கள் ரவுட்டரை அதற்குப் பின்னால் மாட்டினாலும் இந்த வேலை நடக்கும்.

வெளியிலிருந்து சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. 100/100 என்று எழுதியது உங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு வருமா என்பது அந்தத் தெருவின் இழையையும், அங்கிருந்து நிறுவனம் எடுத்துச்செல்லும் பாதையையும் பொறுத்தது. அதே நிறுவனத்தை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு டெஸ்ட் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஸ்பீடு டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் அதே நிறுவனத்தினுடையதாகவோ பக்கத்து ஊரிலோ இருக்கும், ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கும். கூகுள் டிரைவுக்கோ அலுவலகத்துக்கோ அந்த வேகம் அப்படியே கிடைக்காது. அலுவலக விபிஎன் வழியாகப் பேசும்போது மட்டும் குரல் உடைகிறது என்றால் நெரிசல் அவர்கள் வாசலில் இருக்கலாம், அதற்கு நீங்கள் எந்தப் பிளான் எடுத்தும் பயனில்லை. இரண்டில் ஒன்று 5ஜி வழியாக வரும் 'ஏர்' இணைப்பு என்றால் மேலே சொன்ன ஃபைபர் கணக்கு அதற்குப் பொருந்தாது. அங்கே ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள், நேரத்தின் பெரும்பகுதி டவுன்லோடுக்கு. அப்லோட் கோபுரத்தின் தூரத்தையும் கூட்டத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வீட்டிலிருந்து வேலை செய்யும் இருவர் உள்ள இடத்தில் ஃபைபர் கிடைக்கும்போது இந்த 'ஏர்' இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, இணைப்பு கொடுக்க வருபவரிடம் கேட்க வேண்டியவை: அப்லோட் எவ்வளவு என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் பில்லிலோ மெசேஜிலோ தரச் சொல்லுங்கள். எஃப்யூபி முடிந்தபின் அப்லோட் எவ்வளவாகக் குறையும் என்று கேளுங்கள். பெட்டியின் லான் போர்ட் கிகாபிட்டா என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் இரு திசையிலும் 94-ஐத் தாண்டாது. 100/100 பிளானில் அது நஷ்டமில்லை, 300-க்கு மாறியவர்தான் காசைக் கோட்டைவிடுவார். தம்பி கேமராவை நேரடியாக ஐபி முகவரி போட்டுப் பார்ப்பவர் என்றால், புது ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன, வெளியிலிருந்து உள்ளே வர முடியாது; ஸ்டாட்டிக் ஐபிக்கு (உங்களுக்கே உரிய நிலையான பொது முகவரி) தனியாகக் கட்ட வேண்டும், இல்லையேல் கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பழைய இணைப்பை ஒரு வாரம் விட்டு வைத்து, வேலை நாட்களில் இரவு 9 மணி டெஸ்டும் பிங்கும் பார்த்த பிறகு ஆறு மாதச் சந்தாவைக் கட்டுங்கள்.